அறிவித்தபடி அனைத்தும் உள்ளன

மனிதகுலத்தின் தலையிலிருந்து உழைப்பு என்ற சாபம் எப்போது நீங்கியது என்று வருங்காலத்தில் யாராவது ஆராய்ச்சி செய்தால், அவர்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புள்ளிவிவர ஆய்வு நிலையத்தின் மூன்றாம் மாடியில், இயக்குநர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தபோது நீங்கியது. நனைந்த பாதி கோப்பைக்குள் விழுந்து கரைந்தது. வரலாறு நிகழும்போது இப்படிச் சில இழப்புகள் இருக்கத்தான் செய்யும்.

எதிரில் நின்றவள் சிஸ்டம் பொண்ணு. 'ஒப்பந்தக் கணினிப் பொறுப்பாளர்' என்று அவளுக்கு ஒரு பதவிப் பெயர் இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒப்பந்தக்காரர்களுக்காக அவ்வளவு மூச்சை யாரும் செலவழிப்பதில்லை. அவள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவும் தெரியும், நின்றபடியே பல்லைக் கடிக்கவும் தெரியும்.

அவள் சொல்ல வந்த விஷயம் சின்னது. நிலையத்தின் கணினிகள் எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுபவை. வரைபடப் பிரிவு அக்காவுக்கு ஒரு மென்பொருளின் பழைய பதிப்பு வேண்டும்; கணக்கு அண்ணனுக்கு அதே மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும். இருவரும் ஒரே கணினியில் முறை வைத்து வேலை செய்தார்கள். அக்காவுக்கு ஏற்றினால் அண்ணனுக்குப் படுத்துக்கொள்ளும். அண்ணனுக்கு எழுப்பினால் அக்காவின் ஆறுகள் எல்லாம் வரைபடத்தில் வற்றிப்போகும். இந்தத் தகராறில் இருவரும் பேச்சுவார்த்தையை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. "அந்த ஆளுகிட்ட சொல்லுடி," "அந்தம்மாகிட்ட சொல்லும்மா" என்று இடையில் தூது போனவளும் சிஸ்டம் பொண்ணுதான்.

"இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன் சார். ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோப்பு. எனக்கு இன்ன மென்பொருள், இன்ன பதிப்பு வேணும்னு அதுல எழுதணும். ஒரே ஒரு கட்டளை கொடுத்தா, மெஷின் அதைப் படிச்சு, அவங்க லாகின்ல மட்டும் எல்லாத்தையும் கொண்டுவந்து வச்சிடும். இன்னொருத்தரோடது அசையாது. கோப்புல இல்லாதது அங்க இருக்காது. ஏதாவது தப்பாயிடுச்சுன்னா முந்தின தலைமுறைக்குத் திரும்பிக்கலாம்."

"தலைமுறையா? யாரோட தலைமுறை?"

"ஒவ்வொரு தடவை மாத்தும்போதும், அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அதை அப்படியே எடுத்து வச்சுக்கும் சார். அதுக்குத்தான் தலைமுறைன்னு பேரு."

"சரி. எப்படிக் கொண்டுவந்து வைக்கணும்னு மெஷினுக்கு யாரு சொல்றது?"

"அதை நாம சொல்ல வேண்டாம் சார். என்ன வேணுங்கறதை மட்டும் சொன்னா போதும்."

பிஸ்கட் விழுந்தது இந்த இடத்தில்தான்.

"என்ன வேணுங்கறதை மட்டும் சொல்லணும்," என்றார் இயக்குநர் மெதுவாக. "எப்படின்னு சொல்ல வேண்டாம்."

"ஆமா சார்."

"இருபது வருஷமா நான் இதைத்தானம்மா பண்ணிட்டிருக்கேன்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. 'அறிக்கை வேணும்' என்பார்; அறிக்கை வரும். 'கூட்டத்துக்கு ஆள் வேணும்' என்பார், நாற்காலிகள் நிரம்பும். தன் வழிமுறைக்கு உலக அளவில் ஒரு தத்துவம் உருவாகியிருப்பதும், அதைக் கணினிகளே ஏற்றுக்கொண்டுவிட்டதும் அவருக்கு இவ்வளவு காலம் தெரியாமல் போயிற்று. பெரியவர்களுக்கு அங்கீகாரம் தாமதமாகத்தான் கிடைக்கிறது.

அடுத்து வந்த மாதங்களில் நிலையத்தின் முப்பது ஊழியர்களுக்கும் முப்பது கோப்புகள் 'உருவாயின'. மேசை மேசையாகப் போய் உட்கார்ந்து, "நீங்க தினமும் என்னென்ன திறப்பீங்க?" என்று அவள் கேட்டாள். கணக்கு அண்ணன், "பச்சையா கட்டம் கட்டமா வருமே, அது," என்றார். வரைபட அக்கா, "எனக்கென்னடி தெரியும், காலையில வந்தா திறந்திருக்கும்," என்றாள். அவர்கள் வேலை செய்வதை முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்து, இன்னதுக்கு இன்னது என்று அவளே கண்டுபிடித்து எழுதினாள். பழைய பதிப்பு அக்காவுக்கு, புதிய பதிப்பு அண்ணனுக்கு. ஒரு நாள் காலை, ஒரே கணினியில் அக்காவின் ஆறுகளும் ஓடின, அண்ணனின் கட்டங்களும் நின்றன. அக்கா அண்ணனைப் பார்த்து, "டீ குடிச்சாச்சா?" என்று கேட்டாள். இரண்டு பேருமே கொஞ்சம் வெட்கப்பட்டார்கள்.

ஆண்டறிக்கையில் இது, 'இயக்குநரின் தொலைநோக்கால் தானாகவே நிகழ்ந்த மாற்றம்' என்று பதிவாயிற்று.

இயக்குநருக்கும் ஒரு கோப்பு இருந்தது. அதற்கான அறிவிப்புகள் காலைதோறும் கைப்பேசியில் வரும்: 'நீலக் கலர்ல ஒண்ணு இருக்குமே, அது வேணும்.' நீல நிறச் சின்னத்தோடு உலகத்தில் எத்தனையோ மென்பொருள்கள் உண்டு. எதற்கு வேண்டும், நேற்று எதைத் திறக்கப் பார்த்தார், யார் அனுப்பியது என்று அரை நாள் துப்புத் துலக்கி, கடைசியில் அவருடைய கோப்பில் ஒரு வரி சேர்ப்பாள். திரையில் நீலம் முளைக்கும்.

"பாத்தியா? சொன்னேன், வந்துடுச்சு," என்பார். "என்ன ஒரு டெக்னாலஜி."

இவ்வளவு நல்ல முறையைக் கணினிக்குள் மட்டும் பூட்டி வைப்பது பாவம் அல்லவா? 'அறிவிப்பு வழி நிர்வாகம்' பிறந்தது. தரைத்தளத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை வந்தது. அதில் உத்தரவு, வேண்டுகோள், கெஞ்சல் எதுவும் கிடையாது. இருக்க வேண்டிய நிலை மட்டும், ஏற்கெனவே இருப்பதுபோல எழுதப்படும்.

'கழிப்பறைகள் சுத்தமாக உள்ளன.'

'மின்தூக்கி இயங்குகிறது.'

'ஊழியர்கள் மகிழ்ச்சியாக உள்ளனர்.'

மின்தூக்கி போன மழைக்காலத்திலேயே நின்றுவிட்டது. கணக்கு அண்ணன் மூட்டுவலிக்காரர். மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்து, "சார், லிஃப்ட் ஓடலையே," என்றார்.

"பலகையில இருக்கே, பாக்கலியா?"

"பலகையில ஓடுது சார். கம்பிக் கதவுதான் பூட்டியிருக்கு."

"அதுக்குப் பேரு பிறழ்வு. அறிவிப்பு சரி; நிலைமைதான் தப்பு. நிலைமை தானா வந்து அறிவிப்போட சேர்ந்துக்கும். மெஷின்ல அப்படித்தான். கேட்டுப் பாருங்க நம்ம சிஸ்டம் பொண்ணை."

அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். வரைபட அக்கா மட்டும் மூன்றாவது அறிவிப்பின்படி உடனே புன்னகை செய்தாள். அவளுக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

இந்த முறை சிஸ்டம் பொண்ணுக்குப் புதிதும் அல்ல. அவளுடைய அப்பா மூட்டை தூக்கி இடுப்பு போன பிறகு, வீட்டுக் கட்டிலில் இருந்தபடியே அறிவிப்பு வழி நிர்வாகம்தான் நடத்திவந்தார். சுவரைப் பார்த்து "தண்ணி" என்பார், தண்ணீர் வரும். "சட்டை" என்பார், இஸ்திரி மடிப்போடு வரும். நாளெல்லாம் சலவைக்கூடத்தில் ஊராருக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்த அம்மா, அந்தச் சட்டைக்கும் போடுவாள்.

மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் நிர்வாகக் குழு கூடி, கணினிப் பொறுப்பாளர் இடத்தை நிரந்தரமாக்கும் என்று இயக்குநர் ஆரம்பம் முதலே சொல்லிவந்தார். "கவலையே படாதம்மா, நான் இருக்கேன்ல" என்பது அவருடைய வாய்ப்பந்தல்களில் மிகவும் விசாலமானது. அந்த நிழலில்தான் அவள் வேறு இரண்டு வேலைகளுக்கு வந்த அழைப்பை வேண்டாம் என்று எழுதிப் போட்டிருந்தாள். அம்மாவும் அதை நம்பித்தான், வீங்கிய கணுக்காலோடு இனி சலவைக்கூடத்துக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டிருந்தாள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு நிகழ்ச்சி நிரலை அச்செடுத்தவளும் அவள்தான். அதில் இருந்தது: 'கணினி நிர்வாகம் முழுமையாகத் தானியங்கி ஆகிவிட்டதால், கணினிப் பொறுப்பாளர் பணியிடத்தை நீக்குதல்.'

அச்சுத்தாள் சூடாக இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இது என்ன சார்?"

இயக்குநர் கொஞ்சமும் கூசவில்லை. மாறாக, பெருமிதத்தோடு எழுந்து நின்றார். "உன்னோட வெற்றிம்மா அது. நீ அவ்ளோ நல்லா செஞ்சிருக்க, இனிமே நீ தேவையே இல்ல. இதைவிட ஒரு பாராட்டு இருக்க முடியுமா சொல்லு."

"சார், அந்தக் கோப்பை எல்லாம் எழுதுனது..."

"கோப்புதான் இருக்கே. குழு முன்னாடி நானே செஞ்சு காட்டப் போறேன். புது லேப்டாப், என் கோப்பு, ஒரே கட்டளை. மனிதக் கை படக் கூடாது. அதையும் பலகையில போட்டாச்சு. நீ ஓரமா உக்காந்து பாரு. உனக்கும் சந்தோஷமா இருக்கும்."

அவள் நிலைமை இருபக்கமும் இடி வாங்கும் மத்தளம் ஆயிற்று. செயல்விளக்கம் வெற்றி பெற்றால், எல்லாம் தானாக நடக்கிறது, ஆள் தேவையில்லை. தோற்றால், பொண்ணுக்கு வேலை தெரியவில்லை, ஆள் தேவையில்லை.

புதிய லேப்டாப்பில் அவருடைய கோப்பைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் வந்தது. மறுநாள் இயக்குநர் அதே கோப்பைத் தானே திறந்து, முதன்முறையாகப் படித்தார். நாற்பது வரிக்கு மேல் இருந்தது.

"இதெல்லாம் என்னம்மா? குழுவுல யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"இது நீங்க ஸ்லைடு போடுறது சார். இது ஸ்லைடுல எழுத்து உடையாம வர்றதுக்கு. இது அந்த நீலக் கலர்."

"ஸ்லைடு தானா திறக்குது. அதுக்கு எதுக்கு தனியா ஒரு வரி?" அழித்தார். "இது?"

"பிரின்ட் வர்றதுக்கு."

"பிரின்ட்டும் தானா வருது." அழித்தார். "படிச்சா ஒரு சாதாரண ஆளுக்குப் புரியணும்மா."

"இது மெஷின் படிக்கிறது சார். அதுல எழுதாதது அங்க இருக்காது."

"மெஷினும் எனக்குக் கீழதானம்மா வேலை செய்யுது," என்றார் இயக்குநர் பொறுமையாக.

அவருக்குப் புரிந்த இரண்டு வரிகள் மிஞ்சின. ஒன்று, திரையின் பின்னணிப் படம்; அது அவருடைய புகைப்படம். மற்றது கடிகாரம்.

விஷயம் கணக்கு அண்ணன் காதுக்குப் போயிற்று. அவர் அவள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "வழக்கம்போல பழைய கோப்பை நைசா வச்சிடும்மா. ஆளு பாவம்."

"யாரு அண்ணே பாவம்?"

அண்ணன் நியாயஸ்தர். சற்று யோசித்தார். "ஆமா, அதுவும் சரிதான்," என்று எழுந்து போனார்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது விளக்கு ஏற்றாமல் இருந்தது. அம்மா, கணுக்கால் வீக்கம் குறையட்டும் என்று, தன் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. அப்பா அணைந்த அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தண்ணின்னு சொன்னேன். வரல," என்றார். "இத்தனை வருஷமா எல்லாம் நல்லாத்தான் நடந்துட்டிருந்துச்சு. நேத்துலேர்ந்து வீட்டுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"வீட்டுக்கு ஒண்ணும் ஆகலப்பா. அம்மா ஊர்ல இல்ல."

அப்பா வெகுநேரம் யோசித்தார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பழைய கோப்பை மாற்றி வைக்க ஒரு நிமிடம் போதும். லேப்டாப் அவள் பையில்தான் இருந்தது. அவள் பையைத் திறக்கவில்லை. மெஷினுக்காவது தப்பு நடந்தால் திரும்பிப்போக முந்தைய தலைமுறை என்று ஒன்று இருக்கிறது. அவளுடைய முந்தைய தலைமுறையில் ஒன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்பெதிரே உட்கார்ந்திருந்தது; இன்னொன்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சித்தி வீட்டில் படுத்திருந்தது. அங்கே திரும்பிப் போக இடமில்லை.

கூட்டத்துக்குக் குழுத்தலைவர் அம்மாள், தடித்த மூக்குக்கண்ணாடியும் அதைவிடத் தடித்த கைப்பையுமாக வந்தார். மூன்று மாடி ஏறியதில் முகம் சிவந்திருந்தது.

"கீழ லிஃப்ட் ஓடுதுன்னு எழுதியிருக்கு?"

"ஆமாங்க மேடம்," என்றார் இயக்குநர்.

"ஓடல."

"அது பிறழ்வுங்க மேடம்."

அம்மாள் பதில் சொல்ல மூச்சு மிச்சமில்லாமல் உட்கார்ந்தார். மற்ற உறுப்பினர்கள் தேநீர்க் கோப்பைகளோடு ஐக்கியமானார்கள். சிஸ்டம் பொண்ணு ஓரத்தில், சன்னல் பக்கம் போட்ட நாற்காலியில், இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்தாள். மனிதக் கைகள் படாமல் இருப்பதை எல்லோரும் பார்க்கும்படி வைத்தாள்.

"உழைப்பு என்பது கடந்த காலம்," என்று தொடங்கினார் இயக்குநர். "இனி அறிவிப்புதான். இதோ." ஒரு விரலை உயர்த்தி, அறை முழுவதும் அதைப் பார்க்க அவகாசம் கொடுத்து, விசையை அழுத்தினார்.

மெஷின் நேர்மையாக உழைத்தது. கோப்பைப் படித்தது. அதில் இருந்ததைக் கொண்டுவந்தது. இல்லாததை எல்லாம் ஒதுக்கிவிட்டது. சட்டியில் இருந்தது அகப்பையில் வந்தது. திரை முழுக்க இயக்குநர் புன்னகைத்தார். அவர் இடது காதுக்கு மேல் ஒரு கடிகாரம் ஓடியது. கீழே ஒரு வரி பச்சை நிறத்தில் எழுந்தது: 'வெற்றி. அறிவித்தபடி அனைத்தும் உள்ளன.'

கைதட்டல் கேட்டது. தலைவர் அம்மாள் தட்டவில்லை.

"நல்லாயிருக்கு. இதுல என்னென்ன செய்யலாம்?"

"மணி பாக்கலாம் மேடம்," என்றார் கணக்கு அண்ணன்.

இயக்குநர் ஸ்லைடைத் திறக்கப் பார்த்தார். திறப்பதற்கு எதுவும் இல்லை. நீலத்தைத் தேடினார். பச்சையைத் தேடினார். தன் புகைப்படத்தின் மூக்கிலும் நெற்றியிலும் மாறி மாறிச் சொடுக்கினார். திரையில் இருந்த இயக்குநர் அசையாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார். வெளியே இருந்தவருக்கு வியர்த்தது.

"நேத்து வரைக்கும் எல்லாம் தானா வந்துச்சு மேடம்."

"நேத்து வரைக்குமா?"

"ரொம்ப நாளா மேடம். தானாவே."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "யாரு இங்க தானா?"

"நான்தாங்க மேடம்," என்றாள் சன்னலோரத்து நாற்காலிக்காரி.

இயக்குநர் சட்டென்று குனிந்து அவள் காதருகே வந்தார். "சரி பண்ணும்மா. சீக்கிரம்."

அவள் காதோடு பதில் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மனிதக் கை படக் கூடாதுன்னு பலகையில இருக்கு சார். இன்னொண்ணு, இந்த வேலையே வேண்டாம்னு இன்னைக்கு நிரல்ல இருக்கு. இல்லாத ஆளு எப்படி சார் வந்து சரி பண்ணும்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"இப்பவே எழுதிடுங்க சார். என்ன வேணும்னு சொன்னா போதும்ல."

"எழுதிக் குடுங்களேன்," என்றார் தலைவர் அம்மாள், கைப்பையிலிருந்து விசிறி ஒன்றை எடுத்துக்கொண்டு. "நானும் பாக்கறேன்."

இயக்குநர் வெள்ளைப் பலகையில், தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'கணினிப் பொறுப்பாளர் பணியிடம் நிரந்தரமாக உள்ளது.' அம்மாள் ஆமோதித்துத் தலையசைத்தார். குழுவும் தலையசைத்தது. அண்ணன் அக்காவைப் பார்க்க, அக்கா அறிவிப்பு எதுவும் இல்லாமலே சிரித்தாள்.

சிஸ்டம் பொண்ணு எழுந்து போய் ஒரே ஒரு கட்டளை அடித்தாள். முந்தைய தலைமுறை, அதாவது அவள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த நாற்பது வரி, திரும்பி வந்தது. ஸ்லைடு திறந்தது. அறை மறுபடி கைதட்டியது. மெஷினைப் பார்த்துத்தான் தட்டியது. கூட்டக் குறிப்பில், 'சிறு தடங்கல் ஏற்பட்டுத் தானாகவே சரியாயிற்று' என்று எழுதினார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள். வேலை நிரந்தரம் என்று அன்றைக்கே அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். வெற்றி மயக்கத்தில், கீழே பலகையில் மின்தூக்கியும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்பது அவளுக்கு நினைவு வரவில்லை.

மாதம் முடிந்தது. ஒப்பந்தமும் முடிந்தது. புது மாதத்தில் அவள் வந்தாள். நீலம் கேட்டவருக்கு நீலம் கொடுத்தாள். பச்சை கேட்டவருக்குப் பச்சை கொடுத்தாள். நியமன உத்தரவு வரவில்லை. சம்பள நாளும் வந்து போயிற்று. இயக்குநர் அறைக்குப் போனாள்.

"உத்தரவு எப்ப சார் வரும்?"

"எதுக்கும்மா உத்தரவு? நிரந்தரமா இருக்குன்னு அறிவிச்சாச்சே. கீழ பலகையிலயும் போட்டாச்சு, பாக்கலியா?"

"சம்பளம் வரல சார்."

"அது பிறழ்வு. தானா சரியாயிடும்."

"எப்படி சார் சரியாகும்?"

இயக்குநர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். இம்முறை அது கீழே விழவில்லை; அவர் கை தேறிவிட்டது. "என்னன்னு சொல்லியாச்சு. எப்படின்னு நாம சொல்லக் கூடாதில்லையா? நீதானம்மா எனக்குச் சொல்லிக் குடுத்த."

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். ஒரு தாளில் ஒரு வரி அச்செடுத்தாள். பையை மாட்டிக்கொண்டு, ஓடுகிற மின்தூக்கியைச் சுற்றியிருந்த படிகளில் இறங்கினாள். பலகையில் மற்ற அறிவிப்புகளுக்கு நடுவே இடம் பார்த்து, தாளைக் குத்திவிட்டு வெளியே வந்தாள். வெயிலில் பேருந்துக்காக நின்றாள்.

கைப்பேசி அடித்தது.

"எங்கம்மா இருக்க?" இயக்குநரின் குரலுக்குப் பின்னால், ஆறு வற்றிப்போச்சு என்று அக்காவும் கட்டம் காணோம் என்று அண்ணனும் கத்திக்கொண்டிருந்தார்கள். "இவங்க கோப்பையும் சேர்த்து நானே சுருக்கிப் பாத்தேன். நீலக் கலர் வரல. எதுவுமே வரல."

"சீட்லதான் சார் இருக்கேன்."

"சீட்டு முன்னாடிதானே நிக்கிறேன். காலியா இருக்கே."

"அது பிறழ்வு சார். கீழ பலகையில இருக்கே, பாக்கலியா?"